"எனினும்" என்று தொடங்கும் பத்தி

பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். பதிவு எப்படிச் செய்வது, கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நான் செய்த ஒரு தவறைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும், மதியம் கண் அசரும்போது தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் வந்து நிற்பது அது ஒன்றுதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. முத்துப்பேட்டையில் வாப்பாவுக்குச் சின்ன ஜவுளிக்கடை. அண்ணன்மார் இரண்டு பேரும் கப்பலேறிப் போய்விட்டார்கள். வீட்டில் படித்து ஆபீஸ் வேலைக்கு வந்தவன் நான்தான். ஆராய்ச்சிப் பிரிவு அந்தக் காலத்தில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே வாய்க்கால் ஓடும். காவிரியில் தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில், மதிய வெயில் வாய்க்காலில் பட்டு மேலே எழும்பி எங்கள் உத்தரத்தில் அலை அலையாக நெளியும். தலைக்கு மேல் ஆறு ஓடுவதுபோல இருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே நான் எத்தனையோ ஆணைகளுக்கு வரைவு எழுதியிருக்கிறேன்.

எல்லாம் தமிழில் நடக்க வேண்டும் என்று அரசாங்கம் அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்த காலம். எங்கள் கண்காணிப்பாளர் ஆராய்ச்சி மாணவர்களுக்கான விதிகளை அவரே உட்கார்ந்து தமிழில் எழுதி, தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைலில் உருட்டி ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தார். மை வாசம் போகாத அந்தப் புத்தகத்தை நான் மனப்பாடமே செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது எதையாவது கேட்டால் விதி எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

ஒரு தை மாதம் மலர்க்கொடி கவுன்டருக்கு வந்தார்.

விலங்கியலில் முழுநேர ஆராய்ச்சி மாணவி. வேதாரண்யம் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலையும் குத்தகை விவசாயமும் செய்தவர்கள். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். வயல் நண்டுகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். நடவு முதல் அறுவடை வரை வரப்பில் நண்டு எங்கே வளை தோண்டுகிறது, எப்போது வெளியே வருகிறது, பயிருக்கு அதனால் கெடுதல் எவ்வளவு, நன்மை எவ்வளவு என்பது விஷயம். ஆய்வுக் காலம் நான்கு வருஷம். அது முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

அவர் ஊரையும் சேர்த்துக் கீழ்ப்பக்கத்து ஊர்களில் அப்போது அறுவடையே நின்றுபோயிருந்தது. கூலிக்காகவும், குத்தகைப் பதிவுக்காகவும் ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். போலீஸ் லாரிகள் நின்றன. கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்ததைப் படம் போட்டு பத்திரிகைகளில் எழுதினார்கள். நானும் படித்தேன். ஆனால் அதற்கும் என் கவுன்டருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

"சார், ஒரு வருஷம் ஆய்வு இடைநிறுத்தம் வேணும். மனு கொண்டாந்திருக்கேன்" என்றார் மலர்க்கொடி.

இடைநிறுத்தம் கிடைத்தால் அந்த ஒரு வருஷம் ஆய்வுக் காலத்தில் சேராது. நியாயமான காரணம் இருந்தால் கொடுக்கலாம். நான் மனுவை வாங்கிக் கடைசி வரியைப் பார்த்தேன்.

"நெறியாளர் கையெழுத்து எங்கம்மா?"

"எங்க சார் இப்ப போட மாட்டாங்க."

"அவர் போடலேன்னா நாங்க வாங்க முடியாதும்மா. விதி பன்னெண்டு. வாங்கிட்டு வாங்க."

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்துவிட்டு அவர் திரும்பிப் பார்த்தார். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அன்று. பின்னால் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவருடைய துறை மாணவர்களும் அதில் இருந்தார்கள்.

"அடுத்த ஆள் வாங்க" என்றேன்.

ஒரு காகிதம் வந்தால் முதலில் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் காரணத்தைத் துண்டுச் சீட்டில் எழுதித் தேதி போட்டுக் குத்த வேண்டும் என்பது எங்கள் பிரிவின் பழக்கம். கூட்டத்தில் நான் பதிவேட்டைத் திறக்கவில்லை. துண்டுச் சீட்டை மட்டும் எழுதினேன். "நெறியாளர் ஒப்பம் பெற்று வரவும்." சுருக்கொப்பம், தேதி. குண்டூசியால் குத்தி நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. நானும் மறந்துபோனேன்.

ஐப்பசியில் அந்தப் பெயர் மறுபடி வந்தது. காலம் முடிந்தும் ஆய்வேடு கொடுக்காதவர்களின் பட்டியல் துறையிலிருந்து வரும். ஒவ்வொருவருக்கும் பதிவு ரத்து ஆணை எழுத வேண்டும். வெளியே மழை. நான் ஓட்டமாக எழுதிக்கொண்டே வந்தேன். "மேற்படி மாணவி உரிய காலத்துக்குள் ஆய்வேடு சமர்ப்பிக்கவில்லை. கால நீட்டிப்போ இடைநிறுத்தமோ கோரி விண்ணப்பிக்கவும் இல்லை."

அந்த "இல்லை"யில் கை நின்றது. திரும்பிப் பின்னால் பார்த்த அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் விண்ணப்பித்திருந்தார். நான்தான் வாங்கவில்லை.

இருந்தாலும் விதிப்படிதானே செய்தோம் என்று என்னையே தேற்றிக்கொண்டு, விதி எண்ணை ஆணையில் சரியாகக் குறிக்கப் புத்தகத்தைத் திறந்தேன். பன்னிரண்டாம் விதி பக்கத்தின் அடியில் முடிந்திருந்தது. முடிந்ததாகத்தான் நான் அதுநாள் வரை நினைத்திருந்தேன். மழைக்காற்றில் தாள் புரண்டது. அடுத்த பக்கத்தின் உச்சியில் இப்படி இருந்தது: "எனினும், நெறியாளரின் ஒப்பம் பெற இயலாத நிலையில், மனுவை அலுவலகம் பெற்றுக்கொண்டு, துறைத்தலைவர் வழியாக நெறியாளரிடம் எழுத்துமூலம் காரணம் கேட்டுப் பெற்று முடிவு செய்ய வேண்டும்."

நான் அதைப் பலமுறை படித்தேன். உத்தரத்தில் தண்ணீரின் வெளிச்சம் இல்லை. மழை நாளின் சாம்பல் நிறம் அறை முழுக்க நிறைந்திருந்தது. ஒரு பக்கத்தைப் புரட்டாததால் ஒரு பெண்ணின் நான்கு வருஷம் போய்விட்டது என்பது கனவில் கேட்கிற செய்தியைப்போல இருந்தது. நடந்தது தெரிகிறது, நம்பத்தான் முடியவில்லை.

கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் நல்ல மனிதர், என் மேல் பிரியம் உள்ளவர். தை மாதத்துப் பதிவேட்டை எடுத்து, அந்தத் தேதியில் திறந்து வைத்தார். பக்கத்தின் கடைசியில் இரண்டு வரி காலியாக இருந்தது.

"ரெண்டு வரி இருக்கு ரஹீம். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு மனு எழுதி வாங்கிட்டு வந்துடு. உனக்கும் ஒண்ணுமில்ல, அதுக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

எனக்கும் அதுதான் நல்ல வழியாகப் பட்டது. யாருக்கும் கெடுதல் இல்லாமல் ஒரு தவறைச் சரிசெய்வது பொய்யில் சேருமா என்ன என்று நினைத்தேன். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

சாலையில் இறங்கி உள்ளே இரண்டு மைல் நடக்க வேண்டியிருந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. இரண்டு பக்கமும், வெளியூர் ஆட்களை வைத்துச் செய்த சம்பா நடவு முடிந்து நாற்று பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. வயல் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க வானம். வரப்பில் நடக்கிறபோது காலுக்கு இரண்டு பக்கமும் மேகம் போய்க்கொண்டிருந்தது. கொக்குகள் நின்ற இடத்திலேயே நின்றன. தூரத்தில் எங்கோ உப்பளத்தின் வாடை. நான் எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்பதுகூட கொஞ்ச நேரம் மறந்துபோய், நடந்துகொண்டிருப்பது மட்டும்தான் மிச்சம்போல இருந்தது.

வரப்போரத்தில் சின்னச் சின்னதாகச் சேற்று உருண்டைகள் வைத்த துளைகள். ஒன்றின் வாயில் இரண்டு கண்கள் மட்டும் குச்சிபோல நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன. நான் குனிந்ததும் உள்ளே போய்விட்டது. நான்கு வருஷமாக "வயல் நண்டு" என்று எத்தனை காகிதங்களில் எழுதியிருப்பேன். ஒரு நண்டை அதன் வீட்டில் பார்த்தது அன்றுதான்.

மலர்க்கொடி பக்கத்து ஊரில் களையெடுத்துவிட்டு வந்தார். முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ரத்து ஆணையக் கையிலயே குடுக்க வந்தீங்களா சார்?"

இல்லை என்றேன். அவருடைய அப்பா உள்ளேயிருந்து ஒரு பாயைக் கொண்டுவந்து போட்டார். ஒடிசலான மனிதர், விவசாயக் கூலிகள் சங்கத்தில் முன்னால் நின்றதால் நாற்பது நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். நான் உட்கார்ந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அடுத்த பக்கத்தை நான் படிக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"நெறியாளர் ஏன் கையெழுத்துப் போடல?" என்று கேட்டேன். தை மாதமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"இந்த ஊர் நெலம் பாதி அவங்க அண்ணனோடதுதான் சார். நண்டப் பத்திப் படின்னு எனக்குச் சொன்னதே அவங்கதான். என்கூட வரப்புல நடந்து காட்டிக் குடுத்தவங்க. அறுப்பு நின்னதும் வீட்டுல நெருக்குனாங்க போலருக்கு. 'உங்க ஆளுங்கள மொதல்ல வயல்ல எறங்கச் சொல்லு, அப்பறம் கையெழுத்தப் பாக்கலாம்'னுட்டாங்க. அந்த வயல்ல நான் எறங்கவே போலீஸ் விடல. நண்ட எங்க போய் எண்ணுறது? அதான் இடைநிறுத்தம் கேட்டேன்."

என் யோசனையைச் சொன்னேன். தை மாதத் தேதி போட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் பதிவேட்டில் நான் ஏற்றிவிடுகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

அப்பாதான் பேசினார்.

"அய்யா, நாங்க இருபது வருசம் குத்தகைக்குச் செஞ்ச நெலம். பதிவு பண்ணலாம்னு சட்டம் வந்ததும் தாலுக்காபீசுக்குப் போனோம். அடங்கல் கணக்குல எங்க பேருக்கு மேல, ரெண்டு வரிக்கு நடுவுல, வேற மையில ஒருத்தர் பேரு எழுதியிருந்துச்சுங்க. அந்த ஒத்த வரியிலதாங்க நெலம் போச்சு."

அவர் குரலை உயர்த்தவில்லை. வயலைப் பார்த்தபடி சொன்னார்.

"வேணாம் சார்" என்றார் மலர்க்கொடி. "நாளைக்கு ஒருத்தர் அந்த வரியப் பாத்துட்டு, இது இடைச்செருகல்னு சொன்னா, நான் வாங்குன பட்டம் பொய்யாயிடும். எங்கள அப்பிடிச் சொல்லணும்னே இங்க நாலு பேரு இருக்காங்க."

பிறகு உள்ளே போய் ஒரு நோட்டுக்கட்டைக் கொண்டுவந்தார். நண்டு வளைகளின் படங்கள், மாதவாரியாக எழுதிய குறிப்புகள். நடுவிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். அதே மனு. என் துண்டுச் சீட்டு அப்படியே குத்தியிருந்தது. என் சுருக்கொப்பம், தேதி. குண்டூசி துருப்பிடித்துக் காகிதத்தில் பழுப்பாகக் கறை விட்டிருந்தது.

"இது இருக்கு சார். இத வச்சு நீங்க ஏதாவது செய்ய முடியுமான்னு பாருங்க."

கொடுத்துவிட்டார். நகல் எடுக்க அந்த ஊரில் வழி கிடையாது. இருந்தது அந்த ஒன்றுதான்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தேன். மனு என் சட்டைப்பையில் நான்காக மடித்து இருந்தது. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். வேலை நிரந்தரமாகி இரண்டு வருஷம். அந்தச் சீட்டைக் கொடுத்தால், வந்த மனுவைப் பதிவு செய்யாமல் திருப்பியவன் நான் என்பதை நானே எழுதிக் கொடுத்ததாகும். கொடுக்காவிட்டால் அவர் விண்ணப்பித்ததாகவே உலகத்தில் சாட்சி இல்லை. ஒரு பாலத்தில் பஸ் மெதுவாக ஏறியது. கீழே ஆறு செந்நிறமாக நிறைந்து போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் போதும். உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை, கை பையைத் தொட்டது. காகிதம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. பாலம் முடிவதற்குள் முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது. பாலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். ஊர் வந்து சேர்கிறபோது எனக்குத் தெரிந்திருந்தது, அந்தப் பெண் என்னை நம்பிக் கொடுக்கவில்லை, வேறு யாரும் இல்லாததால் கொடுத்திருக்கிறார் என்று. அது நம்பிக்கையைவிடக் கனமாக இருந்தது.

திங்கட்கிழமை குறிப்பு எழுதினேன். மனு வந்த நாள், நான் திருப்பிய விதம், படிக்காத பத்தி, எல்லாம். சீட்டோடு மனுவையும் வைத்தேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "உனக்குத்தான் அடி விழும்" என்றார். பிறகு கையெழுத்திட்டு மேலே அனுப்பினார்.

பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். அதிகம் பேசாதவர். கோப்பை இரண்டு முறை புரட்டினார்.

"கெடு முடியறதுக்கு முன்னாடியே மனு வந்திருக்கு. அதனால இத இப்ப எடுத்துக்கலாம். துறைத்தலைவர் மூலமா நெறியாளர்கிட்ட காரணம் கேட்டு எழுதுங்க."

"சரிங்க சார்."

"உங்க மேல நடவடிக்கை எடுப்பேன்."

நான் தலையாட்டினேன்.

"ஏன்னு புரியுதா? உங்கள விட்டுட்டா, ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் செஞ்சதுன்னு நாளைக்கு யாராவது கெளப்புவாங்க. அந்தப் பக்கத்துல இப்ப எல்லாமே கோர்ட்டுக்குத்தான் போவுது. உங்களுக்குத் தண்டனை இருந்தாத்தான் இந்தக் கோப்பு நிக்கும்."

அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு வருத்தமாக இல்லை. அந்த மனிதர் என் தண்டனையை ஒரு சாட்சியாக ஆக்கிவிட்டார். பணிப் பதிவேட்டில் கண்டனம் எழுதினார்கள். தேர்வுப் பிரிவின் விடைத்தாள் கிடங்குக்கு என்னை மாற்றினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது.

நெறியாளருக்கு எழுத்துமூலம் கேள்வி போனது. வாயால் சொன்ன காரணத்தை அவரால் எழுத முடியவில்லை. மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, "ஆட்சேபணை இல்லை" என்று இரண்டே சொல் எழுதி அனுப்பினார். நான் அவரைக் கெட்டவர் என்று நினைக்கவில்லை. அண்ணன் வீட்டுக்கும் மாணவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர். எழுதச் சொன்னதும் அவருக்குள் இருந்த ஆசிரியர் வெளியே வந்துவிட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உங்கள் விதிப்புத்தகத்தில் "எழுத்துமூலம்" என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் யாரோ ஒருவருக்குக் காவல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலர்க்கொடிக்கு ஒரு வருஷம் கிடைத்தது. அடுத்த போகத்துக்குள் தாசில்தார் முன்னிலையில் பேசிக் கூலி முடிவானது. ஆட்கள் வயலில் இறங்கினார்கள். அவரும் நோட்டோடு இறங்கினார். ஆய்வேட்டைக் கொடுத்து, வாய்மொழித் தேர்வும் முடித்தார் என்று கிடங்கில் இருந்தபடி கேள்விப்பட்டேன். குத்தகை நிலம் மட்டும் அவர்களுக்குத் திரும்பவில்லை. அந்த வழக்கு அவருடைய அப்பா காலத்தில் முடியவே இல்லை.

பல வருஷம் கழித்து நான் அதே ஆராய்ச்சிப் பிரிவுக்குக் கண்காணிப்பாளராகத் திரும்பினேன். ஒரு நாள் மதியம் மலர்க்கொடி என் மேசைக்கு வந்தார். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியர், இப்போது அவரே நெறியாளர். தரங்கம்பாடியிலிருந்து ஒரு மீனவ வீட்டுப் பெண் அவரிடம் ஆய்வு செய்கிறாள். ஏதோ சிக்கலில் அவளுடைய மனு கவுன்டரில் திரும்பிவிட்டது, அதற்காக அவளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார்.

பழைய கதை ஒன்றையும் நாங்கள் பேசவில்லை. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. ஆனால் எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"அன்னிக்கு கவுன்டர்ல, ஏன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களாம்மா?"

அவர் யோசித்தார். ஜன்னலில் மதிய வெயில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"சொல்லியிருக்க மாட்டேன் சார். அத்தன பேரு முன்னாடி அத எப்படிச் சொல்றது? உள்ள வந்து உக்காரும்மான்னு சொல்லியிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், அந்தத் தரங்கம்பாடிப் பெண் கதவோரத்தில், மனுவை நெஞ்சோடு அணைத்தபடி, வந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தாள்.

எழுந்து போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காரும்மா" என்றேன். "என்ன ஆச்சு, சொல்லு."